வடக்கு மணலில் நாற்பது

பத்தாவது கட்டத்துக்கு வந்ததும் பர்வதத்தின் பேனா நின்றுவிட்டது. நின்று கால் மணி நேரமாகிறது. முதல் ஒன்பது கட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம், அப்படித்தான் எழுதினாள். படகுக்காரர் பெயர் இன்னாசி, ஊர் தங்கச்சிமடம், தனுஷ்கோடியில் படகேறும் நேரம் காலை ஐந்தரை, திரும்பும் நேரம் பத்து, நோக்கம் ஆலாப் பறவைகளைக் கணக்கெடுத்தல், மணல் தீடையில் இறங்கமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம், எல்லாம் வருஷா வருஷம் எழுதுகிறதுதான். பத்தாவது, எண்ணுபவர் பெயர். பதினொன்றாவது, எழுதுபவர் பெயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோதண்டம், ரயில்வே கார்டு, ஓய்வு, வயது அறுபத்தேழு. பர்வதம், மேற்படியாரின் மனைவி. எழுதித் தொலையேன் என்று தன்னையே அதட்டினாள். கை நகரவில்லை. முழங்கைக்குக் கீழே வியர்த்து, படிவத்தின் ஓரம் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாம்பனில் மே மாதத்து மத்தியானம் மின்விசிறி போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான், கடலிலிருந்து வருகிற காற்றுகூட அடுப்பங்கரை வழியாக வருகிற மாதிரிதான் வரும். மணி ரெண்டேகால். இன்னாசி நாலு மணிக்கு வந்து இந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய் வன அலுவலகத்தில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். உள்ளறையில் கோதண்டம் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வரவில்லை. குறட்டை வராவிட்டால் தூக்கமா, சும்மா படுத்திருக்கிறாரா என்று சொல்ல முடியாது. இப்போதெல்லாம் அவரைப் பற்றி எதைத்தான் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

ஊரில் மற்றவர்கள் கோடை வந்தால் கொடைக்கானல் போவார்கள், மகள் வீட்டுக்குப் போவார்கள், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரிப்பார்கள். இந்த வீட்டில் கோடை என்றால் ஆலா. வெள்ளை வெளேரென்று, கத்தி மாதிரி இறக்கை, ஒரு கை நீளத்துக்குக்கூடத் தேறாத கடல் பறவை. அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் கடலுக்கு நடுவில் கிடக்கிற மணல் தீடைகளில் வெறும் மணலைக் குழித்து முட்டை போடும். மரம் கிடையாது, நிழல் கிடையாது, தாய்ப்பறவை தன் உடம்பையே குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைப் போய் எண்ணிவிட்டு வருவதற்கு என்ன ஆர்ப்பாட்டம்! பத்து லிட்டர் தண்ணீர், எலுமிச்சம்பழம், உப்பு, புளிச்சோறு ரெண்டு பொட்டலம், இன்னாசிக்கு ஒன்று தனியாக, குடை, பெரிய துண்டு நாலு, அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை, அவளுக்கு வாந்தி மாத்திரை. மாத்திரை போட்டும் வாந்தி வரத்தான் செய்யும். பத்தொன்பது வருஷமாகப் போகிறாள், பத்தொன்பது தடவையும் எடுத்திருக்கிறாள், அதுவும் ஒரு கணக்குத்தான், அதை யாரும் நோட்டில் ஏற்றவில்லை. முட்டி வேறு இப்போது மடங்க மாட்டேன் என்கிறது. படகில் ஏறும்போது இன்னாசி கையைப் பிடித்து, "யம்மா, பார்த்து, பார்த்து" என்று மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போடுகிறான். அவளுக்குக் கடலே பிடிக்காது. கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள், உப்புக்காற்றில் முடி பிசுபிசுப்பதை இன்றைக்கு வரை மன்னிக்கவில்லை. முதல் வருஷம் அவரோடு எழுதப் போக இருந்த கூட்டாளிக்கு மாற்றல் வந்துவிட்டது. "உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், நீ வாயேன்" என்றார். ஒரு வார்த்தை புகழ்ந்தால் போதும், பெண் ஜென்மம் கடலுக்குள்ளும் போய்விடும்.

அவர் முன்னால் நிற்பார், ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்துக்கொண்டு, தூரத்தைக் காட்டுகிற துர்பின்னைக் கண்ணிலிருந்து எடுக்காமல். இன்னாசி இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளுவான். படகு தீடையைத் தூரத்திலிருந்து ஒரு சுற்று வரும். பறவைகள் கத்திக்கொண்டு மேலே எழும், காது ரெண்டும் அடைத்துப்போகும். அந்தக் கூச்சலுக்கு மேல் அவர் குரல். கொண்டை ஆலா அறுபது. கொண்டை ஆலா இருபத்திரெண்டு. சின்ன ஆலா பதினாலு. அவள் நடுப்பலகையில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து எழுதுவாள். குனிந்தே இருப்பாள். நிமிர்ந்தால் தலை சுற்றும், அதோடு அடுத்த எண் தவறிவிடும். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் ஆலாவைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் குரலில் வருகிற ஆலா, தன் கையெழுத்தில் உட்கார்கிற ஆலா. போன வருஷம் மட்டும் நிமிர்ந்தாள். படகு வடக்குப் பக்கத்து மணலைச் சுற்றி வரும்போது கூச்சல் பின்தங்கிப் போய்விட்டது. கழி தண்ணீரில் இறங்குகிற சத்தம் தனியாகக் கேட்டது. என்னடா இது, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று நினைத்த அதே நேரத்தில் அவர் சொன்னார், சின்ன ஆலா நாற்பது. அவள் தலையைத் தூக்கினாள். வெள்ளையாக ஒரு கோடு கிடந்தது. நுரை. நுரைக்கு மேலே கிளிஞ்சல் ஒதுங்கிக் கிடந்தது. ஒரு பறவை இல்லை. ஒரு இறகு இல்லை. அவர் முதுகைப் பார்த்தாள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, துர்பின் கண்ணிலேயே இருந்தது. பின்னால் இன்னாசி கழியைத் தள்ளிக்கொண்டு இருந்தான், அவன் இந்தக் கணக்கிலெல்லாம் காது வைப்பதில்லை. பர்வதம் குனிந்தாள். நாற்பது என்று எழுதினாள்.

ஏன் எழுதினாள்? இதைத்தான் ஒரு வருஷமாகப் பாத்திரம் கழுவும்போதும் கேட்டுக்கொள்கிறாள், துணி உலர்த்தும்போதும் கேட்டுக்கொள்கிறாள். அவர் சொன்னார், எழுதினாள். முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம். சரி, அது முழு உண்மையா? இல்லை. எழுதும்போதே தெரியும், வேண்டுமென்றேதான் எழுதினாள். இன்னாசி முன்னால் அவரை எப்படிக் கவிழ்ப்பது? வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் களைத்துப்போய்ப் படுத்தார், சரி நாளைக்கு. நாளைக்கு மகள் திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள், சரி அவள் போகட்டும். அவள் போவதற்குள் கணக்கு தபாலில் போய்விட்டது. போன கணக்கு சும்மா கிடந்ததா, பறவைக்காரர்கள் நடத்துகிற பத்திரிகையில் வந்தது. வடக்குத் தீடையில் சின்ன ஆலா புதிதாகக் கூடு வைத்திருக்கிறது, மகிழ்ச்சிக்குரிய செய்தி. கோதண்டம் பெயர் கொட்டை எழுத்தில். அதைப் படித்துவிட்டுத்தான் மெஹருன்னிஸா காலையில் போன் பண்ணினாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஆலாக்களைப் பற்றியே ஆராய்ச்சி பண்ணுகிறாளாம், கீழக்கரைக்காரி, நல்ல மரியாதையான பேச்சு. "அம்மா, இந்த வருஷம் நானும் படகுல வர்றேன். சாரும் நானும் தனித்தனியா எண்ணுவோம், அப்புறம் ஒத்துப் பார்த்துக்குவோம். எனக்கு முக்கியமா அந்த வடக்குப் பக்கத்து நாப்பதைப் பார்க்கணும்மா." தனித்தனியா எண்ணுவோம். ஒத்துப் பார்ப்போம். பர்வதம் ரிசீவரைப் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "தாராளமா வரச் சொல்லு" என்றார்.

தாராளமாம். கண் மட்டும் தாராளமாக இருந்தால் சரி. எப்போது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் பேப்பர் படிப்பதை நிறுத்தினார், ரேடியோவிலேயே எல்லாம் வருகிறதே என்றார். பிறகு கடிதம் வந்தால் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், நீ படி என்றார். கண்ணாடி மூக்கில் இருந்தது. டம்ளருக்கு வெளியே காப்பியை ஊற்றினார், ஊற்றிவிட்டு டம்ளரைத் திட்டினார். டிவியை நேராகப் பார்க்க மாட்டார், தலையை ஒரு பக்கம் திருப்பிக் கடைக்கண்ணால் பார்ப்பார், திருட்டுத்தனமாகப் பார்க்கிற மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்றைக்கு அவருக்கு வந்த கோபம்! "ரயில்வேல வருஷா வருஷம் கண்ணைச் சோதிச்சான். முப்பத்தாறு வருஷம். ஒரு தடவையாவது கடைசி வரியை நான் தப்பாப் படிச்சிருக்கேனா, கேளு, போய்க் கேளு!" யாரைப் போய்க் கேட்பது. அந்தக் கடைசி வரிதான் அவருக்குச் சொத்து, பட்டம் எல்லாம். பெண் பார்க்க வந்தபோதுகூட அவருடைய அப்பா சொன்னது, பையனுக்குக் கண் பார்வை அப்படி, மைல் தூரத்தில் சிக்னல் இறங்குவதைச் சொல்லிவிடுவான் என்றுதான். அந்த மனுஷனைப் படகில் நிற்க வைத்து, பக்கத்தில் ஒரு புரொபசர் அம்மாள் பெரிய லென்ஸோடு உட்கார்ந்து, இவர் நூறு என்று சொல்ல அவள் முப்பது என்று சொல்ல, இவர் இருக்கிறது என்று சொல்ல அவள் எங்கே சார் என்று கேட்க. திட்டவும் மாட்டாள் அவள், நல்ல பெண், பேசாமல் இருந்துவிடுவாள், அதுதான் இன்னும் மோசம். அதற்கப்புறம் பத்தொன்பது நோட்டையும் யார் நம்புவார்கள்? நல்ல கண்ணோடு எண்ணிய வருஷங்களும் சேர்ந்து மூழ்கிவிடும். அவர் அதற்கப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், ஓய்வு பெற்ற மறு வருஷமே சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டவர்களை.

மணி மூன்றரை ஆகிவிட்டது. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். வழியா இல்லை? இன்னாசியிடம் சொல்லி இன்ஜின் ரிப்பேர் என்று சொல்லச் சொல்லலாம். சொல்லுவான், ஆனால் அவனுக்கு முகத்தில் பொய் நிற்காது, இப்போது மீன்பிடித் தடைக்காலம் வேறு, பெரிய படகெல்லாம் கரையில் கிடக்கிறது, நாட்டுப்படகுக்காரன் இன்ஜினைச் சும்மா போட்டு வைத்திருக்கிறான் என்றால் அவரே நம்ப மாட்டார். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று முந்திக்கொண்டு எழுந்துவிட்டது, கடல் கொந்தளிக்கிறது என்று சொல்லலாம். ஜன்னலைத் திறந்தால் தெரிந்துவிடும். படிவத்தில் தேதியைத் தப்பாகப் போட்டுவிடலாம், திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் குஞ்சு பொரித்துப் பறந்துவிடும். அச்சு மாதிரி கையெழுத்துக்காரி தேதியைத் தப்பாகப் போட்டாள் என்றால்? தனக்கே முட்டி வலி தாங்கவில்லை, போகவேண்டாம் என்று படுத்துவிடலாம். "நீ இரு, நானும் மெஹரும் போய்க்கிறோம்" என்பார், அப்போது படகில் அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், விளிம்பில் வைக்கிற அந்தக் கால்! போன வருஷமே விளிம்பைக் கால்விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாளே. அப்போதே உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காமல் நாற்பது எழுதினாள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அந்த அமைதியான வடக்கு மணலில்தான் வந்து முட்டுகிறது, நுரை, கிளிஞ்சல், வியர்வைச் சட்டை, நாற்பது. போதும்டா சாமி. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, அலுப்பு, உடம்பெல்லாம் அலுப்பு, இந்த மேஜையிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டு அடுத்த கோடையில் எழுந்திருக்கலாம் போல. ஒருத்தர் கண்ணில்லாமல் இருப்பதைவிட அவருக்குக் கண் இருக்கிற மாதிரி இன்னொருத்தர் நடிப்பது பெரிய வேலையாக இருக்கிறது. வழியில் கிடக்கிற செருப்பை அவருக்கு முன்னால் போய் ஒதுக்குகிறாள், குழம்பில் இருக்கிற மீன் முள்ளைத் தானே எடுத்துவிட்டுப் போடுகிறாள், எடுத்தது தெரியாமல் ஒரு முள்ளை மட்டும் விட்டு வைக்கிறாள். அந்த ஒரு முள் அவர் தொண்டையில் சிக்கிவிடுமோ என்று சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இதெல்லாம் யாரிடம் சொல்லுவது. மகளிடம் சொன்னால் மறுநாளே வந்து நிற்பாள், ஊருக்கே தெரிந்துவிடும்.

உள்ளே கட்டில் முனகியது. பர்வதம் சட்டென்று பேனாவைத் திறந்து பத்தாவது கட்டத்தில் 'கோ' என்று எழுதினாள். எழுதிவிட்டு நிறுத்தினாள். அவர் நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு வந்தார். எதிர் நாற்காலியை இழுத்து, கை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எழுதியாச்சா?"

"பேர் எழுதுற கட்டந்தான் பாக்கி."

"எண்ணுறவர் பேரா?"

"ஆமா."

"என் பேரைப் போடாத."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு வடக்கு மணலைப் பார்க்கணும்னுதானே சொன்னுச்சு" என்றார் கோதண்டம். "அங்க என்ன இருக்கு பார்க்க?"

"சின்ன ஆலாதான்" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நாப்பது. நீங்கதானே சொன்னீக."

"நான் சொன்னேன். நீ நிமிந்து பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் எழுதுன?"

பர்வதத்தின் மனசில் ஒரு வருஷத்துப் பதில் அத்தனையும் வந்து நின்றது.

"கண்ணு போனா காதுமா போயிரும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது, அவளுக்கு இருந்த அதே அலுப்பு. "அங்க ஒரு குஞ்சு குளுவான் சத்தமில்ல. தெரிஞ்சேதான் சொன்னேன். என்ன உளர்றீக, அங்க ஒண்ணையும் காணோமேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா, ஆமா பர்வதம், எனக்குத் தெரிய மாட்டேங்குதுன்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டிருப்பேன். எனக்கா வாயைத் திறந்து சொல்ல வரலை. நீ குனிஞ்ச. பேனா ஓடுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

"அடப் பாவி மனுஷா!" என்றாள் பர்வதம். எழுந்துவிட்டாள். முட்டி சுருக்கென்றது, அதைக் கண்டுகொள்ளவில்லை. "ஒரு வருஷமா நான் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கலை. உங்க மானம் போயிருமேன்னு நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

பர்வதம் மறுபடி உட்கார்ந்தாள். இத்தனை நாளும் ஒரே கட்டிலில், ஒருத்தர் தூங்குவதாக மற்றவர் நினைத்துக்கொண்டு. அழுகை இப்போதுதான் வந்தது, பொங்கிக்கொண்டு வந்தது, முந்தானையால் துடைத்தாள். அவர் அழுகைச் சத்தம் வந்த பக்கமாகக் கையை நீட்டினார், கை படிவத்தின் மேல் பட்டது, அதைத் தாண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"மெஹருகிட்ட நான் பேசுறேன்" என்றார். "அந்த நாப்பது பொய்யின்னு நானே சொல்லிடுறேன். அதுக்கு முந்தின வருஷமும் சந்தேகந்தான், அதையும் தள்ளிடச் சொல்றேன். மிச்சம் பதினேழு வருஷமும் சத்தியம். எண்ணுறவர் பேர்ல அந்தப் பொண்ணைப் போடு."

"நீங்க வரலையா?"

"வராம? கத்துறதைக் கேக்க வேணாமா? நீ பக்கத்துல உட்கார்ந்து எழுது. நிமிந்தும் பாரு கொஞ்சம்."

'கோ' என்ற எழுத்தை அவள் ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன் பக்கத்தில் மெஹருன்னிஸா என்று எழுதினாள். இடம் போதவில்லை, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. எழுதி முடித்துவிட்டு, இவ்வளவு நாளும் எதைக் கேட்கப் பயந்தாளோ அதைக் கேட்டாள்.

"என் மூஞ்சி தெரியுதா உங்களுக்கு?"

அவர் வழக்கம்போலத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். அப்புறம் எதற்கு என்று நினைத்த மாதிரி நேராகவே திருப்பிக்கொண்டார்.

"ஓரமெல்லாம் தெரியுது. காது, தோடு, நரைச்ச முடி. நடுவுல கரி அப்பின மாதிரி இருக்கு. கண்ணு, மூக்கு எதுவும் தெரியலை. அதெல்லாம் ஞாபகத்துல இருக்கிறதுதான்." பிறகு கேட்டார். "பொட்டு வச்சிருக்கியா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் வச்சிருக்கேனே என்றுதான் சொல்லியிருப்பாள். வெளியே இன்னாசியின் சைக்கிள் மணி கேட்டது.

"இல்லை" என்றாள் பர்வதம். "மத்தியானம் மூஞ்சி கழுவினேன். அப்புறம் வைக்கலை."